ஓட்டைப் பிரிக்கிறவன்

2024 மக்களவைத் தேர்தலில் திண்டுக்கல்லில் இரண்டு பெரிய அணிகளையும் விட்டுவிட்டு வேறொருவருக்கு ஓட்டுப் போட்டேன். கேட்டவர்களிடம் மறைக்கவில்லை. அதற்காக நண்பர் ஒருவர், கல்லூரியில் பொருளியல் பாடம் எடுத்தவர், மேடையில் என்னைப் பெயர் சொல்லாமல் வறுத்தெடுத்தார். என் ஓட்டு வீணாம். அதோடு எதிரிக்கு உதவியதாம். பெயர் சொல்லாத மரியாதையை நானும் அவருக்குத் திருப்பிச் செய்கிறேன். அவருடைய வாதத்துக்கு அந்த மரியாதை கிடையாது.

முதலில் கணக்கு. வென்ற மார்க்சிஸ்ட் வேட்பாளர் சச்சிதானந்தம் வாங்கியது சுமார் 6 லட்சத்து 70 ஆயிரம். அதிமுக அணியில் நின்ற எஸ்.டி.பி.ஐ. முபாரக் 2 லட்சத்து 26 ஆயிரம். மூன்றாவது வந்த பாமக, நான்காவது வந்த நாம் தமிழர் இருவர் ஓட்டையும் அள்ளி முபாரக் பக்கம் கொட்டினாலும் இன்னும் 2 லட்சத்துக்கு மேல் குறைகிறது. இதில் என் ஒற்றை ஓட்டு எந்த எதிரியை எந்த வாசல் வழியாக உள்ளே விட்டது? பொருளியல்காரர் கூட்டிப் பார்த்துச் சொல்லட்டும்.

எல்லாத் தொகுதியும் திண்டுக்கல் அல்ல என்பார். சரிதான். அதே தேர்தலில் விருதுநகரில் மாணிக்கம் தாகூர் ஜெயித்தது 4,379 ஓட்டில். 2016இல் ராதாபுரத்தில் 49 ஓட்டு. அங்கெல்லாம் மூன்றாமவருக்கு விழுந்த ஓட்டு முடிவை மாற்றியிருக்கலாம். மாற்றட்டுமே! தோற்ற கட்சி அந்த ஓட்டை ஏன் சம்பாதிக்கவில்லை என்று கேட்பதை விட்டுவிட்டு, போட்டவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்? என் ஓட்டு எந்தக் கட்சிக்கும் பாட்டன் சொத்து இல்லை, நான் அதைப் பாகம் பிரித்துவிட்டதாகப் பிராது கொடுக்க.

இன்னொரு வேடிக்கை. 2024 தேர்தலில் திமுகவும் சரி, அதிமுகவும் சரி, திண்டுக்கல்லில் தன் கட்சிக்காரர் ஒருவரை நிறுத்தவில்லை. இருவருமே தொகுதியைச் சிறிய கட்சிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். சென்னையில் உட்கார்ந்து அவர்கள் பங்கு வைத்தால் அதே சிறிய கட்சி முற்போக்கு சக்தி. சாவடியில் நின்று நானாக ஒரு சிறிய கட்சியைத் தேடினால் மட்டும் அது வீண். இதற்குப் பெயர் வாதமா?

நண்பர் இந்த ஊர்க்காரர். 1973 மே மாதம் இங்கே நடந்த இடைத்தேர்தல் அவருக்குத் தெரியாமல் இருக்காது. எம்.ஜி.ஆர். அதிமுகவைத் தொடங்கி ஏழே மாதம். மாயத்தேவர் இரட்டை இலையில் நின்றார். அண்ணாவின் ஓட்டைப் பிரிக்காதே, காங்கிரஸ் உள்ளே வந்துவிடும் என்ற பயத்துக்கு அன்றைய திண்டுக்கல்காரர்கள் அடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடங்கவில்லை. மாயத்தேவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டாவது வந்தது காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ். மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த திமுக மூன்றாவது. இப்படி ஓட்டைப் பிரித்ததால் வளர்ந்த கட்சிதான் இன்று நண்பர் ஒப்புக்கொள்ளும் இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்று.

ஒருவரையும் பிடிக்கவில்லையென்றால் நோட்டாவை அழுத்த வேண்டியதுதானே என்றும் சொன்னார். 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த அந்தப் பொத்தான் முதலிடமே வாங்கினாலும், மக்களவைத் தேர்தலில் அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளரே ஜெயித்தவர். வீண் ஓட்டு என்றால் அதைச் சொல்லலாம். தோற்ற வேட்பாளரின் ஓட்டு அப்படியல்ல. அதே 2024இல் ஒரு இடமும் ஜெயிக்காத நாம் தமிழர் கட்சி 8 சதவீதம் தாண்டியதால் மாநிலக் கட்சி அங்கீகாரம் பெற்றது. நான் போட்டது அவர்களுக்கா என்று துருவ வேண்டாம். ரகசிய வாக்கு என்று ஒன்று இன்னும் இருக்கிறது.

ஏன் போட்டேன் என்பதைச் சொல்கிறேன். பொன்மாந்துறைப் பக்கம் தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின், கழிவு நிலத்தடி நீரில் இறங்கிக் கிணறுகள் கெட்டது நேற்று நடந்த கதை இல்லை. சூரியனும் ஆண்டது, இலையும் ஆண்டது. அந்தத் தண்ணீர் மாறவில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு வாங்கினோம். அலிகாரிலிருந்து வரும் மிஷின் பூட்டுக்கு முன்னால் நம் பட்டறைக்காரர் நிற்க முடியவில்லை. அவர் பிள்ளை அந்தத் தொழிலுக்கே வருவதில்லை. இந்த இரண்டையும் பற்றி என்னிடம் வாய் திறந்து பேசியவர் ஒருவர்தான். டெபாசிட் வாங்கமாட்டார் என்று தெரிந்தே அவருக்குப் போட்டேன்.

நண்பரே, அடுத்த முறை என் ஓட்டு உங்கள் அணிக்கு வேண்டுமென்றால், அந்தக் கிணற்றைப் பற்றிப் பேசத் தெரிந்த வேட்பாளரை அனுப்புங்கள். என்னைத் திட்ட ஆள் அனுப்பாதீர்கள்.