உறக்கம் குறைந்தால் உணவும் கெடும்

பத்தாம் வகுப்பில் கால் வைத்ததும் நம் வீடுகளில் முதலில் பறிபோவது உறக்கந்தான். "பரீட்சை முடியட்டும், பிறகு தூங்கலாம்" என்பது பெற்றோர் வாக்கு. ஆனால் உறக்கம் தனியே போவதில்லை. உணவையும் கைப்பிடித்து அழைத்துப் போகிறது.

காலாண்டுத் தேர்வின்போது நான் நள்ளிரவு வரை விழித்திருந்தேன். படிப்பு மட்டுமே காரணம் என்றால் பொய் சொன்ன பாவம் வந்து சேரும். கைப்பேசிக்கும் அதில் பங்குண்டு. பதினோரு மணிக்கு வயிறு கேட்கும். அம்மா ஒளித்து வைத்த முறுக்கு டப்பா இருக்குமிடம் எனக்குத் தெரியும்! விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தால் இட்லியைப் பார்க்கவே பிடிக்காது. வெறும் காப்பியோடு ஏழரை மணிச் சிறப்பு வகுப்புக்கு ஓடுவேன். அடுத்து வாயில் ஏதேனும் படுவது பதினோரு மணி இடைவேளையில்தான். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பே போதும் என்று 1964-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் குறைத்தார். நானோ தவக்காலம் இல்லாமலேயே பன்னிரண்டு மணி நேரம் நோன்பிருந்தேன்!

ஒருநாள் காலை வழிபாட்டில் என்னருகே நின்ற தோழி மயங்கி விழுந்தாள். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்த சகோதரி, "சாப்பிட்டாயா?" என்று பரிவோடு கேட்டார்கள். "எத்தனை மணிக்குப் படுத்தாய்?" என்று எவரும் கேட்கவில்லை.

பசியைத் தூண்டும் 'கிரெலின்', போதுமென்று சொல்லும் 'லெப்டின்' என இரு சுரப்புநீர்கள் நம் உடலில் உள்ளன. 2004-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். முதலாவது கூடியது, இரண்டாவது குறைந்தது. மனம் இனிப்பையும் மாவுப் பண்டங்களையும் நாடியது. என் முறுக்கு மோகத்திற்கு விளக்கம் கிடைத்துவிட்டது! நம் வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்கின்றனர் மருத்துவர்கள். இவ்வயதில் உடலின் கடிகாரமே சற்றுப் பிந்தி ஓடுவதால், விடியலில் எழ முடியாததெல்லாம் சோம்பலும் அன்று.

சிறப்பு வகுப்பை மாலைக்கு மாற்றினால், தொலைவிலிருந்து பேருந்தில் வரும் தோழியர்க்கு இருட்டிவிடும். எனவே வகுப்பு காலையிலேயே இருக்கட்டும். அது முடிந்ததும் கால்மணி நேரம் டிபன் டப்பாவைத் திறக்க அனுமதி தாருங்கள் என்று சகோதரிகளைப் பணிவுடன் வேண்டுகிறேன். பெற்றோர்களே, அப்பா வரட்டும் என்று இரவுச் சாப்பாட்டைப் பத்து மணி வரை தள்ளாதீர்கள்.

அரையாண்டுத் தேர்வுக்கு நான் ஒன்பதரைக்கே படுத்தேன். காலையில் மூன்று இட்லி உள்ளே போயின. கணக்கில் மதிப்பெண் ஏறவில்லை, உண்மைதான். குறையவும் இல்லை.