தடுத்தவன் கணக்கு

பந்து வலைக்குள் போனால்தான் கால்பந்து என்று நம்புகிறவர்களோடு எனக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு. அவர்களிடம் ஃபிராங்கோ பரேசி என்று சொல்லிப் பாருங்கள். 'ஓ, 94 ஃபைனல்ல பெனால்டிய மேல தூக்கி அடிச்சாரே, அவர்தானே?' என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களாக இருந்தால், 'முட்டி ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்து ஆடினாரே, என்ன மனுஷன்!' என்று உருகுவார்கள். முதலாவது வசை, இரண்டாவது புகழ். இரண்டுமே அந்த மனிதருக்குச் செய்யப்படும் அநியாயம் என்பது என் கட்சி.

ஏறக்குறைய 20 வருடம் ஒரே கிளப்பில் ஆடியவர் பரேசி. 1978 ஏப்ரலில் ஏசி மிலானுக்காக முதல் லீக் ஆட்டம், 1997இல் ஓய்வு. மொத்தம் 719 ஆட்டங்கள், 6 இத்தாலிய லீக் பட்டங்கள், 3 ஐரோப்பியக் கோப்பைகள். நடுவில் இரண்டு பருவங்கள் இரண்டாம் டிவிஷனிலும் ஆடினார். 1980இல் சூதாட்ட ஊழலுக்குத் தண்டனையாக மிலானைக் கீழே இறக்கினார்கள். மேலே ஏறி வந்த அணி, 1982இல் தானாகவே தோற்று மறுபடியும் கீழே போனது. பரேசி எங்கும் போகவில்லை. 22 வயதில் அந்த நொந்துபோன அணிக்குக் கேப்டன் ஆனார்.

இப்படிப்பட்டவருக்கு, அப்போது ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதாக இருந்த பலோன் டோர் கிடைத்ததா? 1989இல் இரண்டாமிடம். முதலிடம் அவருடைய அணியில் கோல் அடித்துக்கொண்டிருந்த மார்கோ வான் பாஸ்டனுக்கு. வான் பாஸ்டன் பெரிய ஆட்டக்காரர், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 1956இல் தொடங்கிய அந்த விருதை வாங்கிய தடுப்பாட்டக்காரர்கள் யார் யார் என்று எண்ணிப் பாருங்கள்: பெக்கன்பவர், சாமர், கன்னவாரோ. மூன்று பேர்தான். கோல் அடித்தவன் பெயர் ஸ்கோர் பலகையில் ஏறுகிறது. விழாமல் போன கோலை எந்தப் பலகையில் எழுதுவது? எழுத இடமில்லை என்பதாலேயே அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இத்தாலியர்கள் என்றாலே கோட்டைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்காரும் கோழைகள், ஜெர்சியைப் பிடித்து இழுக்கும் முரடர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அடியோடு பொய்யென்று சொல்ல மாட்டேன். 1982 உலகக் கோப்பையில் கிளாவ்டியோ ஜென்டிலே பிடித்து இழுத்ததில் ஜிகோவின் ஜெர்சி கிழிந்தே போனது. ஆனால் அதே முத்திரையைப் பரேசி மேலும் குத்துவது சோம்பேறித்தனம்.

1987இல் மிலானுக்குப் பயிற்சியாளராக அரிகோ சாக்கி வந்தார். தொழில்முறை ஆட்டமே ஆடாதவர், ஒருகாலத்தில் செருப்பு வியாபாரம் செய்தவர். ஆளுக்கு ஆள் காவல், எல்லோருக்கும் பின்னால் ஒரு காவலாளி என்ற பழைய இத்தாலிய முறையை அவர் தூக்கிப் போட்டார். தஸ்ஸொட்டி, கோஸ்டகுர்ட்டா, பரேசி, மால்தினி நாலு பேரும் ஒரே வரிசை. எதிராளி பந்தோடு நிமிர்ந்து முன்னால் பார்த்தால் வரிசை பின்வாங்கும்; அவன் முதுகைக் காட்டினாலோ நெருக்கடியில் மாட்டினாலோ வரிசை முன்னேறும். எப்போது, எத்தனை அடி என்று களத்தில் முடிவெடுத்தவர் பரேசி. அவர் ஒரு கையை உயர்த்திக்கொண்டு முன்னால் ஓடும்போது, எதிரணியின் முன்கள ஆள் ஆஃப்சைடில் அம்போ என்று நிற்பான். மைதானமே பாதியாகச் சுருங்கிவிடும். பந்து பறிபோகும் இடமும் எதிராளியின் கோலுக்குப் பக்கத்தில் வந்துவிடும். 1989இல் ரியால் மாட்ரிடை 5-0, இறுதியில் ஸ்டாவா புக்காரெஸ்டை 4-0 என்று மிலான் நொறுக்கியதே, இதுவா கோழைத்தனம்?

'அதெல்லாம் லைன்ஸ்மேன் கொடி புண்ணியம்' என்பார்கள். சரி, அதையும் பார்ப்போம். 1990இல் ஆஃப்சைடு விதி மாறியது. கடைசிக்கு முந்தைய எதிராளிக்குச் சமமாக நின்றாலே செல்லும் என்று முன்கள ஆட்களுக்குச் சலுகை வந்தது. 1992இல் சக ஆட்டக்காரர் காலால் தட்டிவிடும் பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுக்கக்கூடாது என்றார்கள். தடுப்பாட்டக்காரர்களுக்கு இரண்டு பெரிய அடி. அதற்குப் பிறகு, 1993-94 பருவத்தில், பரேசியின் மிலான் லீக்கில் 34 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 15. அடித்தது வெறும் 36. அதை வைத்துக்கொண்டே சாம்பியன்!

இனி அந்தப் பெனால்டிக்கு வருவோம். 1994 ஜூன் 23, நார்வேயோடு ஆட்டம். பரேசியின் முட்டியில் சவ்வு கிழிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து ஜூலை 17 அன்று இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றார். வயது 34. கூடவே நிற்க வேண்டிய தஸ்ஸொட்டியும் கோஸ்டகுர்ட்டாவும் தடையில் வெளியே. எதிரே ரொமாரியோ, பெபெட்டோ. அந்தக் கோப்பையில் இருவரும் சேர்ந்து 8 கோல் அடித்திருந்தார்கள். கலிபோர்னியாவின் நடுப்பகல் வெயில். 120 நிமிடம் ஆடியும் ஒரு கோல்கூட விழவில்லை. உலகக் கோப்பை இறுதி ஒன்று கோலே இல்லாமல் முடிந்தது அதுதான் முதல் தடவை.

அதைச் 'சப்பையான ஃபைனல்' என்று எழுதி மூடிவிட்டார்கள். பரேசி 120 நிமிடம் எங்கே நின்றார், எப்போது நகர்ந்தார், ரொமாரியோவுக்குப் போக வேண்டிய பந்துகளை எந்த வழியில் மறித்தார் என்று பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. கால் பிடித்துக்கொண்ட நிலையில் அவர் அடித்த முதல் பெனால்டி மேலே போனது. அடுத்து வந்த பிரேசிலின் மார்சியோ சாண்டோஸின் பந்தை பல்யூகா தடுத்துவிட்டார். அப்போதே கடன் தீர்ந்தது. பிறகு தவறவிட்டவர்கள் மஸ்ஸாரோவும் பாஜ்ஜோவும். இருந்தும் பரேசியின் தவறு மட்டும் இன்றுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏன் தெரியுமா? கணக்குப்பிள்ளைகளுக்குப் புரிகிற ஒரு காரியத்தை அன்று அவர் செய்தார், அதனால்தான்.

முட்டியைப் புகழ்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வலி பொறுத்தவன் என்று மாலை போட்டுவிட்டால் அவர் மூளையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, அவ்வளவுதானே? வலியைப் பொறுக்க எத்தனையோ பேரால் முடியும். பந்து வருவதற்கு முன்பே அது வந்து சேரும் இடத்தில் நிற்க எத்தனை பேரால் முடியும்? 176 சென்டிமீட்டர் உயரமே இருந்த மனிதர், தன்னைவிட உயரமான ஆட்களுக்கு எதிராக 20 வருடம் தாக்குப்பிடித்தது அந்த மூளையால்தான்.

அவருக்காக யாரும் கண்ணீர் விட வேண்டாம். 94 ஃபைனலின் முழு ஆட்டமும் பார்க்கக் கிடைக்கும். பந்தை விட்டுவிட்டு 6ஆம் எண்ணை மட்டும் ஒரு பத்து நிமிடம் பாருங்கள். அதற்குப் பிறகும் பெனால்டியைப் பற்றித்தான் பேசுவீர்கள் என்றால், நமக்குள் பேச ஒன்றும் இல்லை.