இரண்டு பாம்புகளும் நாற்பது கிலோபைட்டும்

ஒரு தலைமுறைக்கு முன்பு தமிழக வீடுகளில் டிவியோடு இணைத்து விளையாடிய வீடியோ கேம் பெட்டி, பெரும்பாலும் நின்டெண்டோ நிறுவனம் 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்தான். கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே மாரியோவும் கான்ட்ராவும் இன்னும் சிலவும் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும். அந்தப் பெட்டி இன்று பரணிலோ காயலான் கடையிலோ கிடக்கிறது. வெளிநாடுகளிலோ அதற்குப் புதிய விளையாட்டுகள் இன்னும் எழுதப்படுகின்றன. 'ஹோம்ப்ரூ' என்பது அதற்குப் பெயர். ஜெர்மனியின் மார்ஃப்கேட் கேம்ஸ் 2019-ல் வெளியிட்ட 'மைக்ரோ மேஜஸ்' நான்கு பேர் சேர்ந்து ஆடக்கூடியது. மொத்தமே 40 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம்கூட அதைவிடக் கனமாக இருக்கும். தறி ஓடும் சங்கரன்கோவில் போன்ற ஊரில் பள்ளி மாணவர்களுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்க இந்தப் பழைய பெட்டியைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது என் கட்சி.

காரணம் அதன் வறுமைதான். எளிமையான கேசட்டில் நிரலுக்கு 32 கிலோபைட், படங்களுக்கு 8, பெட்டியில் வேலை செய்யும் நினைவகம் வெறும் 2. நகரும் உருவங்களைத் திரையில் 64 சிறு துண்டுகளாகத்தான் காட்ட முடியும். ஒவ்வொரு துண்டுக்கும் மூன்றே நிறம். இவ்வளவு சிறிய இயந்திரத்தை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை முழுவதுமாகத் தன் மண்டைக்குள் வைத்துக்கொள்ள முடியும். இன்றைய பெரிய மென்பொருள்களில் தொடங்கும் மாணவர் முப்பரிமாண நகரம் ஒன்றைக் கட்டப் போய் நான்காவது தெருவிலேயே களைத்துவிடுகிறார். இங்கே ஒரு பந்து, ஒரு மட்டை, ஒரு சுவர் இருந்தால் விளையாட்டு முடிந்தது. தான் தொடங்கியதைத் தானே முடித்த அனுபவம் எந்தச் சான்றிதழ் வகுப்பிலும் கிடைப்பதில்லை. படம் வரையும் பகுதி இந்த ஊருக்கு அந்நியமும் அல்ல. சேலைக் கரையில் பூ வைக்கக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி, அதை அட்டையில் துளைகளாக்கி ஜக்கார்டு பொறியில் பூட்டுவது தறிக்காரர்களின் பழக்கம். எட்டுக்கு எட்டுப் புள்ளியில் ஒரு பாம்புத் தலையை வரைவதும் அதே கைவேலைதான்.

தமிழ் எழுத்தை அதில் எப்படிக் காட்டுவது என்பது ருசியான சிக்கல். பின்னணித் திரைக்கு 256 ஓடுகள், அதாவது எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்கள். நம் எழுத்துகள் 247. ஆளுக்கொரு ஓடு கொடுத்தால் படம் வரைய ஒன்பதுதான் மிஞ்சும், அதோடு எட்டுப் புள்ளி அகலத்தில் 'ணை' அடங்கவும் அடங்காது. ஆனால் கொம்பையும் காலையும் தனித்தனி ஓடாக்கிச் சேர்த்து எழுதினால் இடம் பிறக்கும். 1990-களில் தமிழைக் கணினியில் ஏற்றியவர்கள் இப்படித்தான் உறுப்புகளைப் பிரித்து, டிஸ்கி என்ற குறியேற்றத்தில் 128 இடங்களுக்குள் அடக்கினார்கள். அந்த வரலாற்றைப் பாடமாகப் படித்தால் மறந்துபோகலாம். இடம் போதாமல் தவித்து அதே விடைக்கு வந்து சேரும் மாணவருக்குத் தமிழ் எழுத்தின் கட்டமைப்பு மறக்காது.

செத்துப்போன இயந்திரத்தைக் கற்றால் சோறு போடுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பொறியியல் கல்லூரிகளில் பரவலாகப் புழங்கும் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையின் சில்லுக்கும் நிரல் நினைவகம் 32 கிலோபைட், வேலை நினைவகம் 2 கிலோபைட். ஏறக்குறைய அதே கணக்கு! சிறு கருவிகளுக்குள் உட்கார்ந்திருக்கும் சில்லுகளில் பல இன்றும் இந்தச் சிக்கனத்தில்தான் ஓடுகின்றன. இன்னொரு ஆட்சேபம் கனமானது: இதை முயன்று பார்த்தாகிவிட்டதே என்பது. டெரெக் லோமாஸ் முதலானோர் தொடங்கிய 'ப்ளேபவர்' திட்டம், இந்தியச் சந்தைகளில் கீபோர்டோடு விற்ற இதே நகல் பெட்டியைப் பன்னிரண்டு டாலர் கணினி என்று கண்டுகொண்டு, அதற்குப் பாட விளையாட்டுகள் செய்ய முனைந்தது. கைபேசி மலிவானதும் பெட்டியின் மவுசு போய்விட்டது. உண்மைதான், ஆனால் அங்கே நம்பிக்கை பெட்டியின் மலிவில் இருந்தது, பாடத்தைப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்ப்பதில் இருந்தது. நான் சொல்வதற்குப் பெட்டியே வேண்டியதில்லை. 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி போதும். சிசி65 என்ற இலவசக் கருவி சி மொழி நிரலை அந்தப் பழைய சில்லுக்குப் புரியும்படி மாற்றிவிடும். பழைய பெட்டியைப் போல நடிக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருள் அதை ஓட்டிக் காட்டும். சொந்தமாக எழுதியதை ஓட்டுவதால் திருட்டு கேசட் என்ற பழியும் இல்லை.

ஏற்கெனவே கைபேசியில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் விளையாட்டா என்ற பெற்றோரின் கவலையைச் சும்மா தள்ள முடியாது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2022-ல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஆனால் 40 கிலோபைட்டுக்குள் விளம்பரமும் இல்லை, பணம் கட்டும் பொத்தானும் இல்லை. அதோடு, ஆடுகிறவரை எப்படிக் கட்டிப்போடுவது என்பதைத் தானே எழுதிப் பார்த்த பிள்ளைக்கு, தன்னைக் கட்டிப்போடும் கயிறும் கண்ணில் படும்.

எதைச் செய்வது என்று இந்த ஊர்ப் பிள்ளைகள் தேட வேண்டியதில்லை. சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று வாதாடிய நாக அரசர்கள் சங்கனும் பதுமனும் ஊர்த் தலபுராணத்திலேயே இருக்கிறார்கள். இரண்டு பாம்பு, இரண்டு கைப்பிடி, இருவர் ஆடும் ஆட்டம். ஒரே கிடைக்கோட்டில் எட்டுத் துண்டுகளுக்கு மேல் அந்த இயந்திரம் காட்டாது என்பதால், இருவரும் நேருக்கு நேர் வந்தால் ஒருவருக்கு வால் மறைந்துவிடும். யார் வாலை, எந்த நொடியில் மறைப்பது என்பதில்தான் முதல் சண்டை வரும்.