ஸ்டிரைக் என்றால் என்ன அர்த்தம்?

இங்கிலீஷ் படியாத தொழிலாளிக்கும் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை ஒன்று உண்டு: ஸ்டிரைக். அந்தப் பாஷையில் ஒருவனை அடித்தாலும் ஸ்டிரைக், கடிகாரம் மணி அடித்தாலும் ஸ்டிரைக். தீக்குச்சி கிழிப்பதும் அதுதான். தோண்டுகிறவனுக்குத் தங்கம் தட்டுப்பட்டால் அதுவும் ஸ்டிரைக்காம்!

கப்பலில் பாயை இறக்குவதற்கும் இதே சொல்தான். 1768இல் லண்டன் துறைமுகத்தில் கூலி உயர்வு கேட்ட மாலுமிகள் பாய்களை இறக்கிவிட்டார்கள். பாய் இறங்கினால் கப்பல் ஏது? வேலை நிறுத்தத்துக்கு அந்தச் சொல் வந்தது அப்படித்தான். கதிர் அரிவாளைக் கீழே வைக்கும் வயல் கூலியாளுக்கும் இன்று நாம் அதையே சொல்கிறோம். ஆக, அகராதிக்கு இந்த அர்த்தத்தைக் கொடுத்தவன் பண்டிதனல்ல, உழைப்பாளி.

முதலாளிக்குப் பிடித்தது 'ஸ்டிரைக் ஆஃப்'. மஸ்டர் ரோலில் பெயர் மேல் ஒரு கோடு. வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். அப்படிப் பெயரை அடிப்பதும் ஆட்குறைப்பே என்று 1977இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டியிருந்தது.

சர்க்காரும் தன் பங்குக்கு அர்த்தம் எழுதியிருக்கிறது. 2020இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, ஆலையில் பாதிப் பேர் பேசிவைத்து ஒரே நாளில் காஷுவல் லீவு எடுத்தாலே ஸ்டிரைக்! 14 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். 1947ஆம் வருஷச் சட்டத்தில் பொது உபயோக சேவைகளுக்கு மட்டும் இருந்த நோட்டீஸ் நிபந்தனை இது. எல்லா ஆலைக்கும் விரித்துவிட்டார்கள். கதவடைப்புக்கும் அதே நோட்டீஸ்தானே என்பார்கள். பட்டினி கிடப்பது யார்?

நோட்டீஸ் கொடுத்ததும் சமரசப் பேச்சு துவங்கினால், அது முடிந்து 7 நாள் வரையிலும் ஸ்டிரைக் கூடாதாம். அப்படியானால் சட்டப்படியான ஸ்டிரைக்குக் காலண்டரில் எந்தத் தேதி மிச்சம் என்று நாம் கேட்கிறோம்.