தூங்குகிற புரதமே தரமான புரதம்!

எந்தக் கடைக்குப் போனாலும் "வேலை செய்யுதா?" என்று கேட்டு வாங்குவதுதான் நம் வழக்கம். மிக்ஸி ஓடினால் நல்ல மிக்ஸி. ஆனால் வாங்கிய உடனே வேலை செய்தால் சந்தேகப்பட வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பார்க்கின். பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்காகத் தயாரித்து, மைக்ரோகிராம் கணக்கில் விற்கப்படும் புரதம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் இந்த நடுக்க நோயைப் பற்றி விரிவாக எழுதினார். இருநூறு வருடம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் லெவோடோபா போன்ற மருந்துகள் அறிகுறியைத் தணிக்கின்றனவே தவிர, நோய் முற்றுவதை நிறுத்தும் மருந்து கிடையாது.

1998-ல் ஜப்பான் ஆய்வாளர்கள், இளம் வயதிலேயே இந்த நோய் வரும் குடும்பங்களை ஆராய்ந்து பார்க்கின் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு இந்த மரபணுவில் கோளாறு இருக்காது. ஆனாலும் நோய் எப்படி ஆரம்பிக்கிறது என்பதற்கு இது ஒரு நல்ல துப்பு. 2000-ல் அதன் வேலையும் தெரிந்தது. பார்க்கின் ஒரு யுபிக்விட்டின் லைகேஸ். யுபிக்விட்டின் என்பது 76 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம். செல்லுக்குள் அகற்ற வேண்டிய பொருள்மேல் ஒட்டப்படும் சீட்டு மாதிரி. (இந்தச் சீட்டு முறையைக் கண்டுபிடித்த மூவருக்கு 2004-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.) சீட்டை ஒட்டுகிற என்சைம்தான் லைகேஸ். செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியா பழுதானால், பார்க்கின் அங்கே போய்ச் சேருகிறது என்று 2008-ல் தெரியவந்தது. பழுதானதற்குச் சீட்டு ஒட்டி அப்புறப்படுத்த வைப்பது அதன் வேலை.

இதைச் சோதனைக்குழாயில் ஆராய நிறைய பார்க்கின் வேண்டும். மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரிப்பார்கள். மரபணு மறுசேர்க்கைப் புரதம் என்பது இதுதான். ஆயிரக்கணக்கான பாக்டீரியப் புரதங்களுக்கு நடுவே இதை மட்டும் எப்படிப் பிடிப்பது, எப்படி அடையாளம் காண்பது? அதற்காக அதன் முனையில் ஒரு சின்ன 'டேக்' சேர்ப்பார்கள். சட்டையில் தொங்குகிற விலைச்சீட்டு மாதிரி. ஃப்ளாக் என்ற டேக்கில் வெறும் 8 அமினோ அமிலங்கள்தான். பார்க்கினிலோ 465. இந்தத் துக்கடா என்ன செய்துவிடும்?

அங்கேதான் சிக்கல். 2011-ல் இங்கிலாந்தில் ஹெலன் வால்டன் குழு, பார்க்கின் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு தூங்குகிற புரதம் என்று காட்டியது. அந்தப் பூட்டில் முக்கியப் பங்கு அதன் முன்முனைப் பகுதிக்கு. 2012-ல் அதே குழு இன்னொன்றும் சொன்னது. முன்முனையில் ஃப்ளாக், எச்.ஏ. போன்ற சின்ன டேக்கை வைத்தாலே பூட்டு கலைந்துவிடுகிறது, புரதம் தானாக விழித்துக்கொள்கிறது! 2013-ல் வெளியான பார்க்கினின் முப்பரிமாணப் படங்களும் அது பூட்டிக் கிடப்பதையே காட்டின. பிங்க்1 என்ற இன்னொரு என்சைம் பாஸ்பேட் சேர்த்தால்தான் பார்க்கின் சரியாக விழிக்கும் என்பது அடுத்தடுத்த ஆண்டுகளில் உறுதியானது.

யோசித்துப் பாருங்கள். பத்து வருடத்துக்கும் மேலாக, டேக் எழுப்பிவிட்ட பார்க்கினைப் பார்த்து "இதன் சுபாவமே இப்படித்தான்" என்று எழுதப்பட்ட ஆய்வுகள் உண்டு. யாரும் ஏமாற்றவில்லை. டேக் சேர்ப்பது எல்லோரும் செய்கிற வழக்கம். ஆனால் பார்க்கினை எழுப்பும் மருந்தைத் தேடுகிறவர் ஏற்கெனவே விழித்திருக்கும் புரதத்தை வைத்துத் தேடினால் எதைக் கண்டுபிடிப்பார்?

வணிகச் சட்டத்தில் முதல் பாடம், வாங்குபவரே உஷார். அடுத்த பாடம், விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். பார்க்கின் விஷயத்தில் "செயல்திறன் உள்ளது" என்ற ஒற்றை வரி விவரமே ஆகாது. பிங்க்1 இல்லாதபோது எவ்வளவு வேலை செய்கிறது, இருக்கும்போது எவ்வளவு? இரண்டு எண்களும் வேண்டும். டேக் எந்த முனையில், நீக்கப்பட்டதா இல்லையா என்பதும் வேண்டும். பார்க்கின் சரியாக மடிந்து நிற்க எட்டு துத்தநாக அயனிகள் தேவை. அதற்கு என்ன ஏற்பாடு செய்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். விற்பவரின் தாளில் மட்டுமல்ல, ஆய்வுக் கட்டுரையிலும் இவை கட்டாயமாக இருக்க வேண்டும்.

"டேக்கை வெட்டி எடுத்தால் கூடுதல் வேலை, புரதம் கொஞ்சம் வீணாகும், விலை ஏறும்" என்பார்கள். நியாயம்தான். ஆனால் செலவுக் கணக்கு புட்டியோடு முடிவதில்லை. தப்பான புரதத்தில் செய்த சோதனை, அதை நம்பித் தொடங்கிய அடுத்த சோதனை, அதில் போன ஆராய்ச்சி மாணவர்களின் வருடங்கள் எல்லாமே செலவுதான். அந்தப் பணத்தில் பெரும்பகுதி மக்களின் வரியும் நன்கொடையும்.

மலிவான புட்டி எப்போதும் லாபம் இல்லை. நடுங்கும் கையோடு மருந்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு அது ரொம்பவே விலை அதிகம்.