மேடை ஏறினால் படிப்பு கெடுமா?

பொருளாதார அறிஞர் ஒருவர் பத்திரிகையில் பத்தி எழுதவோ தொலைக்காட்சியில் பேசவோ தொடங்கிவிட்டால் போதும், "நல்ல ஆய்வாளராக இருந்தார், இப்போது பேச்சாளர் ஆகிவிட்டார்" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். மக்களிடம் போனால் ஆய்வு நீர்த்துவிடுமாம். பல்கலைக்கழகத் தாழ்வாரங்களில் நெடுநாளாக ஓடும் பேச்சு இது. நாம் இதை ஏற்கவில்லை.

மில்டன் ஃப்ரீட்மன் 1966 முதல் நியூஸ்வீக் இதழில் பத்தி எழுதினார். 1976இல் நோபல் பரிசு வாங்கியபோதும் எழுதிக்கொண்டுதான் இருந்தார். பால் க்ரூக்மன் நியூயார்க் டைம்ஸில் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தபோதே, 2008இல், பன்னாட்டு வணிகம் பற்றிய பழைய ஆய்வுகளுக்காக அதே பரிசு வந்தது. ஒருவர் வலது, இன்னொருவர் இடது. இருவருடைய அரசியலையும் திட்டியவர்கள் ஏராளம். ஆனால் பத்தி எழுதிய குற்றத்துக்காக யாரும் அவர்களுடைய ஆய்வைக் குப்பையில் போடவில்லை.

அப்படியானால் இந்த "மதிப்பு போய்விடும்" பூச்சாண்டி யாருக்காக? கூலியையும் சாதியையும் சேர்த்து ஆய்வு செய்து, அதையே ஊருக்குப் புரிகிற தமிழில் எழுதும் மாணவருக்காக. "இது ஆய்வு இல்லை தம்பி, ஆக்டிவிசம்" என்று அவரிடம்தான் சொல்கிறார்கள்.

அவர்களிடம் அண்ணலின் ஆண்டுக்கணக்கை எடுத்து வையுங்கள். மூக்நாயக் இதழ் தொடங்கியது 1920இல். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் டி.எஸ்சி. பட்டம் பெற்றதும் 'ரூபாயின் பிரச்சினை' நூல் வந்ததும் 1923இல். அதாவது முதலில் பத்திரிகை, பிறகுதான் முனைவர் ஆய்வு! அந்த நூலில் அவர் மோதியது கீன்ஸ் ஆதரித்த நாணய முறையோடு. முன்னுரை எழுதிய பேராசிரியர் எட்வின் கேனன், அம்பேத்கரின் வாதங்களில் பெரும்பாலானவற்றைத் தாம் ஏற்கவில்லை என்று அங்கேயே எழுதினார். ஆனாலும் முன்னுரை தந்தார். 1925இல் ஹில்டன் யங் ஆணையத்தின் முன் அண்ணல் சாட்சியம் அளித்தார். 1927இல் மகத் குளத்தில் இறங்கினார், பகிஷ்கிருத பாரத் தொடங்கினார், அதே ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. இதில் எது எதைக் கெடுத்தது?

மதிப்பு கெடுகிற இடம் வேறு. ஹார்வர்டைச் சேர்ந்த கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாட்டின் கடன் மொத்த உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 விழுக்காடு என்றார்கள். வந்தது பத்திரிகைப் பத்தியில் அல்ல, அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவில். மக்கள் நலச் செலவை வெட்ட விரும்பிய அரசியல்வாதிகளுக்கு அது வேதமாகிப்போனது. 2013இல் மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. எக்ஸெல் கோப்பைக் கேட்டு வாங்கினார். ஐந்து நாடுகளின் வரிசைகள் கூட்டலில் விடுபட்டிருந்தன. சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படவில்லை, சராசரி எடுத்த முறையிலும் கோளாறு. அவரும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் போட்ட கணக்கில் விடை 2.2 விழுக்காடு! எக்ஸெல் தவறை ஹார்வர்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள், முடிவை மட்டும் விடவில்லை. கண்டுபிடித்தவர் மாணவர் என்பதைக் கவனியுங்கள் தோழர்களே.

நம் ஊருக்கு வருவோம். இடஒதுக்கீடு பற்றிய விவாதம் என்றால் பொருளாதார அறிஞர் என்ற பட்டையோடு ஒருவர் திரையில் உட்கார்ந்து "தகுதி போய்விடும், திறன் குறைந்துவிடும்" என்பார். எந்தத் தரவு என்று நெறியாளர் கேட்கமாட்டார். தரவு இருக்கிறது. அஸ்வினி தேஷ்பாண்டேயும் தாமஸ் வைஸ்காஃபும் இந்திய ரயில்வேயின் 1980 முதல் 2002 வரையிலான கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். இடஒதுக்கீட்டால் உற்பத்தித்திறன் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. சுகதேவ் தோரட்டும் பால் ஆட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரியான தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. தகுதி பேசும் அறிஞர் இதையெல்லாம் படிக்காமல் பேசினால், அவர் மதிப்பு போவது தொலைக்காட்சியால் அல்ல. படித்துவிட்டு மறைத்துப் பேசினால் அதற்கு வேறு பெயர் உண்டு.

புகழ் வந்தபின் எல்லாவற்றையும் பற்றிக் கருத்து சொல்லும் பழக்கம் சிலருக்கு வருகிறது, உண்மைதான். பணவீக்கம் படித்தவர் பஞ்சமி நிலம் பற்றிப் பேசட்டும், தடையில்லை. பேராசிரியர் நாற்காலியைச் சான்றாகக் காட்டாமல் ஆவணத்தைக் காட்டிப் பேசட்டும். நம் பக்கத்துப் பேச்சாளர்களிடமும் இதையே கேட்போம்.

பொருளாதாரம் படிக்கும் தோழர்கள் தங்கள் ஆய்வைத் தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். ஊர்க்கூட்டத்தில் வாசிக்கும்போது அட்டவணையையும் எடுத்துப் போங்கள், வெட்டாமல்.