மாரியோ வராத மாரியோ கோல்ஃப்

பந்தாட்டங்கள் அனைத்திலும் கோல்ஃபுக்கு ஒரு விசித்திர சுபாவம் உண்டு. எதிராளி நம் பந்தைத் தொடுவதே இல்லை. பதினெட்டுக் குழிகளையும் சுற்றி வந்தவன் கையில் மிஞ்சுவது, அவன் தன்னோடு தானே நடத்திய வழக்கின் கணக்குதான். ஒவ்வோர் ஆட்டக்காரரின் திறமையையும் 'ஹேண்டிகேப்' என்ற எண்ணால் குறித்து வைக்கும் வழக்கமும் அதற்கு நெடுநாளாக உண்டு. ஆகவே, அனுபவத்தைப் புள்ளி புள்ளியாகச் சேர்த்துப் படிப்படியாக உயரும் நாயகனைக் கொண்ட சாகசக் கதை விளையாட்டோடு கோல்ஃபை இணைத்ததை வியாபார விநோதம் என்று சிலர் நகைத்தாலும், அது ஜாதகப் பொருத்தம் பார்த்துச் செய்த விவாகமே என்பது என் அபிப்பிராயம்.

1999-இல் கேம்பாய் கலர் என்னும் கையடக்க யந்திரத்துக்காக நின்டெண்டோ வெளியிட்ட 'மாரியோ கோல்ஃப்' அதற்குத் தக்க சாட்சி. அதை ஆக்கிய ஜப்பானின் கேம்லாட் ஸ்தாபனத்தார், 'ஷைனிங் ஃபோர்ஸ்' முதலிய வீரக் கதை விளையாட்டுகளிலும், 1997-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த 'எவ்ரிபடீஸ் கோல்ஃப்' என்பதிலும் கைதேர்ந்தவர்கள். பெயர் நின்டெண்டோவின் புகழ்பெற்ற பாத்திரமான மாரியோவுடையதாயினும், கதைக்குள் நாம் ஏற்பது ஊர் பேர் அறியாத ஓர் இளம் ஆட்டக்காரரின் வேஷத்தைத்தான். கிளப் கிளப்பாகச் சென்று, அங்கங்கே நிற்பவர்களிடம் வலியப் பேசி யோசனை கேட்டு, நான்கு கிளப்புகளின் சாம்பியன்களையும் வென்ற பின்னரே மாரியோவை எதிர்த்து ஆடும் பாக்கியம் வாய்க்கிறது. விலைபோகும் முகத்தை இவ்வளவு நேரம் மறைத்து வைக்க எத்தனை வியாபாரிகளுக்குத் துணிவு வரும்?

அடிக்கும் முறை எளியது. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் திரையின் அடியிலுள்ள கோட்டில் ஒரு குறி நகரத் தொடங்கும்; இரண்டாம் அழுத்தம் பலத்தை நிர்ணயிக்கும்; திரும்பி வரும் குறி உரிய இடத்தைத் தொடும் அந்தக் கணத்தில் மூன்றாம் அழுத்தம் விழ வேண்டும். சற்று முந்தினாலும் பிந்தினாலும் பந்து கோணிப் போய் மரத்தடியிலோ மணலிலோ விழும். பிற்காலத்தில் நின்டெண்டோவின் தலைவரான சடோரு இவாடா நிரல் எழுதிய 1984-ஆம் ஆண்டு 'கோல்ஃப்' விளையாட்டிலிருந்து வந்த பரம்பரை இது.

எனக்கு மிகவும் பிடித்த சூக்ஷ்மம் வேறு. அனுபவம் சேர்ந்து ஒரு படி உயரும்போது எதை வளர்ப்பது என்று ஆட்டம் நம்மையே கேட்கிறது. பேராசை கொண்டு தூரத்தையே கூட்டிக்கொண்டு போனால், பந்து நேராகச் செல்லும் நிதானம் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. பாத்திரத்தின் எண் எவ்வளவு உயர்ந்தாலும், கட்டைவிரல் தவறினால் கதியில்லை. காசு கொடுத்துப் பலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லும் இன்றைய கைபேசி ஆட்டங்களைப் பார்க்கும்போதுதான் இந்த நேர்மையின் அருமை தெரிகிறது.

2004-இல் வந்த 'மாரியோ கோல்ஃப்: அட்வான்ஸ் டூர்' ஒரு ஜோடியையும் உடன் சேர்த்து, அவரையும் வளர்க்கும் பொறுப்பை நம் தலையில் வைத்தது. 2021-இன் 'சூப்பர் ரஷ்' என்பதிலோ, அடித்த பந்தின் பின்னாலேயே தலைதெறிக்க ஓடும் போட்டி ஒன்றைப் புகுத்திவிட்டார்கள். கோல்ஃபில் ஓடுவதா! பழைய நிதானத்தின் ருசியறிந்து 2017-இல் 'கோல்ஃப் ஸ்டோரி' என்ற ஆட்டத்தைப் படைத்தவர்கள் ஆஸ்திரேலியாவின் சைட்பார் கேம்ஸ் என்னும் மிகச் சிறிய குழுவினர். மாரியோவின் பெயரைக் கடனாகக்கூட வாங்காமல், கோல்ஃப் மட்டையோடு அலையும் ஒரு சாமானியனை மறுபடியும் நாயகனாக்கினார்கள். நின்டெண்டோ தன் பழைய பாடத்தை அவர்களிடமிருந்தாவது திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.